பெடியளுக்கு மனச்சாட்சி இல்லையாம்

லாச்சப்பலில் ஒரு அடிபாடு நடந்தால் போதும், அடுத்தநாளே எங்கட ஆக்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "இதுகள் பிறவியிலேயே பிழை. மனச்சாட்சி எண்டதே கிடையாது."

நான் இதை மறுக்கிறேன். 20 வருடமாக உணவகக் குசினியில் நிற்கிறேன். அடிபாட்டில் மாட்டுப்பட்டு, பிறகு கோப்பை கழுவ வந்த பெடியளோடு வேலை செய்திருக்கிறேன். ஏனடா அடிச்சனி என்று கேட்டால், "என்ர நண்பனுக்கு அடிச்சவன் அண்ணை, விட்டிட்டு வரேலுமே?" என்பார்கள். இது மனச்சாட்சி இல்லாதவனின் பதிலல்ல. அவனிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அது நாலு கூட்டாளிகளைத் தாண்டிப் போகவில்லை, அவ்வளவுதான்.

நியாய உணர்வு படிப்படியாக வளர்வது என்று அமெரிக்க உளவியலாளர் கோல்பெர்க் 1958 இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். தண்டனைக்குப் பயப்படுவது முதற்படி. என் ஆக்கள் என்னை நல்லவன் என்று சொல்லவேண்டும் என்பது மூன்றாம் படி. முன்பின் தெரியாதவனுக்கும் உரிமை உண்டு என்பது அதற்கும் மேலே. 2006 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குற்றம் செய்த இளையோர் இந்த ஏணியில் சமவயதினரைவிடப் பின்தங்கியிருந்தார்கள். பின்தங்கியவன் வேறு, ஏணியே இல்லாதவன் வேறு. இரக்கமே அற்றவர்களும் உண்டுதான்; அவர்கள் மிகச் சிலர்.

பிரெஞ்சுச் சட்டத்துக்கு இது தெரியும். 1945 பெப்ரவரி 2 ஆம் திகதிய ஆணைச்சட்டம் தண்டனைக்கு முன் சீர்திருத்தத்தை வைத்தது. 2021 இல் அதன் இடத்துக்கு வந்த சட்டக்கோவையிலும் 18 வயதுக்குக் கீழே சிறைத்தண்டனையின் உச்சம் பொதுவாகப் பாதிதான். திரும்பத் திரும்பப் பாரிய குற்றம் செய்யும் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தச் சலுகையைக் குறைக்க 2025 இல் பாராளுமன்றம் முயன்றது. ஜூன் 19 இல் அரசியலமைப்புச் சபை அதை வெட்டிவிட்டது.

வெட்டு வாங்கியவனின் தாய்க்கு இதெல்லாம் ஆறுதலில்லை. தண்டனை வேண்டாமென்றும் நான் சொல்லவில்லை. ஆனால் 'எங்கட ஆக்கள், அவங்கட ஆக்கள்' என்பதை இந்தப் பெடியளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஊருக்கு ஒரு சங்கம் வைத்துப் பிரிந்து நிற்பவர்கள் நாங்கள்தானே? ரொறன்ரோவில் ஒரு குழு வல்வெட்டித்துறையின் பெயரை வைத்துக்கொண்டதே, அந்தப் பெயர் கனடாவிலா முளைத்தது?

சிறுவர் நீதிபதியின் கடிதம் வருகிறது. தாய்க்குப் பிரெஞ்சு தெரியாது. அதை வாசித்துச் சொல்பவனும் குற்றம் சாட்டப்பட்ட அதே மகன்தான். அந்தத் தாயோடு நீதிமன்றம்வரை கூடப்போக ஒருவர் வாருங்கள். தீர்ப்பைப் பிறகு சொல்லலாம்.