சர்க்கரை ஒன்று, காரணம் வேறு!
வயிற்று வலியோடு வரும் நீரிழிவு

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாங்காக் நகரில் உலக நீரிழிவு மாநாடு நடந்தது. அங்கே சர்வதேச நீரிழிவு சம்மேளனம் ஒரு முடிவை அறிவித்தது. சத்துணவு இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு வரும் ஒருவகை நீரிழிவை "ஐந்தாம் வகை" என்று தனியாக ஏற்றுக்கொண்டது. இதற்குத் துணைநின்ற ஆராய்ச்சியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்கும் பங்கு உண்டு.

பணக்கார வியாதி என்று பெயர் வாங்கிய சர்க்கரை நோய், மெலிந்த ஏழையையும் விடுவதில்லை என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால், மெலிந்தவர்களிடம் காணப்படும் இன்னொரு நீரிழிவும் உண்டு. தென்னாட்டில் அது பல காலமாக இருக்கிறது. கணையம் கெட்டுப்போவதால் வருவது அது. டாக்டர்கள் அதை "3-சி வகை" என்பார்கள்.

சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளம் கரிசல் பூமி. அங்கே காட்டு வேலை செய்யும் ஒருவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னால், "உடம்பில் சதையே இல்லையே, எனக்கு எப்படி வந்தது?" என்று அவர் திகைக்கலாம். அது நியாயமான கேள்வி. அதை டாக்டரிடமே கேட்க வேண்டும்.

கணையம் என்ன செய்கிறது?

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு கணையம். அதற்கு இரண்டு வேலைகள். சாப்பிட்டதை ஜீரணிக்கும் நீரைச் சுரப்பது ஒன்று. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அடக்கும் இன்சுலினைச் சுரப்பது மற்றொன்று.

1889-ல் ஜெர்மன் டாக்டர்கள் மின்கோவ்ஸ்கி, மேரிங் இருவரும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது! 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள்.

கணையம் ஏன் கெடுகிறது?

குடிப்பழக்கம் ஒரு பெரிய காரணம். புகைப்பது அதற்குத் துணை. பித்தப்பைக் கல்லாலும் கணையம் வீங்கும். புற்றுநோயும் அதைக் கெடுக்கும்.

குடியையே அறியாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் விழுவது உண்டு. 1959-ல் இந்தோனேசியாவிலிருந்து இதுபற்றிய செய்தி வந்தது. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இத்தகைய நோயாளிகளை ஏராளமாகக் கண்டு, 1968-ல் புத்தகமே எழுதினார். மரவள்ளிக் கிழங்கின்மீது வெகுகாலம் சந்தேகம் இருந்தது. அது நிரூபணமாகவில்லை. பரம்பரைக் கூறுகளுக்கும் பங்கு உண்டு என்று பின்னர் இந்திய விஞ்ஞானிகள் கண்டார்கள்.

அடையாளம் என்ன?

மேல்வயிற்றில் அடிக்கடி வலி. அது முதுகுக்கும் பாயும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். மலம் எண்ணெய்ப் பசையோடு, நாற்றத்தோடு போகும். இவற்றோடு சர்க்கரையும் இருந்தால் கணையத்தைச் சோதிக்க வேண்டும். கல் இருந்தால் எக்ஸ்ரே படத்திலோ ஸ்கேனிலோ தெரியும்.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன? எல்லாருக்கும் தரும் மாத்திரையையே இவருக்கும் தருவார்கள். "சாப்பாட்டைக் குறை" என்பார்கள். ஏற்கெனவே மெலிந்தவர் மேலும் மெலிவார். சர்க்கரையும் அடங்காது.

இவர்களில் பலருக்கு இன்சுலின் ஊசி வேண்டும். அது அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஜீரணத்துக்கு என்சைம் மாத்திரையும் வேண்டும். அதைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் பயன் இல்லை. கல்லை எடுத்தால் வலி தணியலாம். நீரிழிவு பெரும்பாலும் போகாது. குடியையும் புகையையும் அடியோடு விட வேண்டும்.

வீட்டார் அறிய வேண்டியது

சர்க்கரை தாழ்ந்தால் அதை ஏற்றிவிடும் சுரப்பும் கணையத்தில்தான் உண்டாகிறது. அதுவும் குறைவதால், இவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழையுங்கள். ஊசி போட்டுவிட்டுப் பட்டினியாக வேலைக்குப் போவது ஆபத்து!

தமிழ்நாடு அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. இது பெரிய உதவி. ஆனால், மாத்திரை கொண்டுவருபவருக்கு வயிற்று வலி தெரியாது. நோயாளிதான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அனுப்ப வழி பிறக்கும்.

தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "என் கணையம் நன்றாக இருக்கிறதா?" என்று தயங்காமல் கேளுங்கள்.