தினம் ஒரு வீடியோ போட்டால்தான் நேர்மையா?

வீடியோ கேம் செய்கிறவர், முன்பணம் கொடுத்த தன் ஆதரவாளர்களுக்கு ஓயாமல் தகவல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நாள் பேசாமல் இருந்தால் பணத்தைச் சுருட்டிவிட்டார் என்று பொருள். இந்த நம்பிக்கை எங்கள் அரியூர் வரை வந்துவிட்டது. இங்கே கல்லூரியில் கணினி படித்த பிள்ளை, நண்பர்களோடு சேர்ந்து கேம் செய்யப்போகிறேன் என்று கிளம்பினால், "தினம் ஒரு வீடியோ போடு" என்றுதான் முதலில் சொல்லி அனுப்புகிறார்கள். தவறான அறிவுரை இது. வேலையையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி மிகச் சிறிய குழு. 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டி 'ஹாலோ நைட்' கேமைச் செய்தார்கள். அடுத்த கேமான 'சில்க்சாங்'கை 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் பேச்சு அபூர்வம். கைவிட்டுவிட்டார்கள் என்றே பலர் முடிவுகட்டினார்கள். 2025 செப்டம்பர் 4 அன்று அது வெளிவந்தபோது, வாங்க வந்த கூட்டத்தைத் தாங்காமல் ஸ்டீம் உள்ளிட்ட இணையக் கடைகளே திணறின. இடையில் வேலை எங்கும் முடங்கவில்லை, செய்வதை ரசித்துச் செய்துகொண்டிருந்தோம் என்றார்கள் அவர்கள்.

மறுபக்கம் 'ஸ்டார் சிட்டிசன்' என்ற கேம். 2012இல் பணம் திரட்டத் தொடங்கி, இதுவரை 80 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. வீடியோக்களுக்கும் அறிக்கைகளுக்கும் அங்கே ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. வெளியீட்டுக்கு முதலில் சொன்ன ஆண்டு 2014. முழுமையான கேம் இன்னும் வெளிவரவில்லை. அதைச் செய்பவர்களை மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓயாத பேச்சு, வேலை முடிவதற்கு உத்தரவாதம் ஆகாது என்கிறேன்.

ஒரு நிமிட வீடியோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. பாதி முடிந்த காட்சியை அப்படியே காட்ட முடியாது. காட்டுவதற்கென்றே அதற்கு வெளிச்சம், ஒலி, அசைவு எல்லாம் சேர்த்து மெருகேற்ற வேண்டும். பிறகு அந்தக் காட்சியே கேமில் வேண்டாம் என்று முடிவானால், "காட்டினீர்களே, எங்கே?" என்ற கேள்வி வரும். பகலில் நிரல், ராத்திரியில் பதில். இரண்டு மூன்று பேர் உள்ள குழுவில் அந்த ராத்திரி வேலைக்குத் தனி ஆள் கிடையாது. வில்லியனூர் சுடுமண் சிற்பக்காரரிடம் போய், வேகும்போதே சூளையைப் பிரித்துக் காட்டு என்று யாரும் கேட்பதில்லையே!

இன்னொரு கேடும் உண்டு. மாதாமாதம் புதிதாக எதையாவது காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் கேமை வீங்கவைக்கும். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியே சொன்ன 'வெண்பா'வை எண்ணிப் பாருங்கள். டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தச் சிறிய அளவுக்குள் நின்றுதான் 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வாங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அத்தியாயம் சேர்த்திருந்தால் அது வேறு கேம் ஆகியிருக்கும்.

பணம் கொடுத்தவருக்கு உரிமை இல்லையா என்பார்கள். உண்டு, முழு உரிமை உண்டு. பணம் எதற்குச் செலவானது, தேதி தள்ளிப்போகுமா, வேலை நின்றுவிட்டதா என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அது. வேலை நின்றுபோனதை மறைப்பவரை நானும் கண்டிப்பேன். ஆனால் அந்த உரிமைக்கு மாதம் ஒரு கடிதம் போதும். வெளியீட்டுத் தேதி கையில் உறுதியாகும்வரை அதைச் சொல்லக் கூடாது. செய்யப்போவதை விட்டுச் செய்து முடித்ததை மட்டும் எழுத வேண்டும். கடிதம் வரும் நாளை முதல் நாளே அறிவித்துவிட்டால், நடுவில் வரும் கேள்விகளுக்கு அந்த நாள்வரை காத்திருக்கச் சொல்லலாம். காட்ட எதுவும் இல்லாத மாதத்தில், "இந்த மாதம் பிழைகளைத்தான் திருத்தினோம்" என்ற ஒரே வரி போதும். அதைப் படித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.