மக்குப் பிள்ளையா, மக்குப் பரீட்சையா?

விடியுமுன் தோட்டத்தில் இறங்கி, முதுகு வளைத்து லெட்டூஸ் கீரை அறுக்கும் கூலிக்காரரின் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். பள்ளியில் பரீட்சையோ ஆங்கிலத்தில். கேள்வி புரியாமல் பிள்ளை விழிக்கிறது. "இதற்கு மூளை போதாது" என்று முத்திரை குத்தி, மூளை வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் தள்ளிவிடுகிறார்கள்!

இது கட்டுக் கதையல்ல, தோழர்களே! அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், மாண்டரே வட்டாரத்தில் நடந்தது. மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருக்காக 1970-ல் கோர்ட்டில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 'டயானா வழக்கு' என்று அதற்குப் பெயர். அதே பிள்ளைகளை ஸ்பானிஷ் மொழியில் மறுபடி சோதித்தார்கள். என்ன ஆயிற்று? பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்ல என்று அம்பலமாயிற்று! பிள்ளைகளின் மூளையா மாறியது? கேள்வியின் மொழி மாறியது, அவ்வளவுதான். இனி வீட்டு மொழியிலும் சோதிப்போம், ஏற்கெனவே தள்ளப்பட்டவர்களையும் மறுபடி சோதிப்போம் என்று கல்வி அதிகாரிகள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

"எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே வாத்தியார். வேறென்ன சமத்துவம் வேண்டும்?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. 1974-ல் சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனப் பிள்ளைகளின் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே இதற்குப் பதில் சொல்லிவிட்டது: மொழி புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தை நீட்டுவது சமத்துவம் ஆகாது!

இதற்கு நேர் எதிரான அநியாயமும் நடக்கிறது. எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில் உண்மையாகவே இடறும் பிள்ளைகள் எல்லா மொழியிலும் உண்டு. டாக்டர்கள் இதை டிஸ்லெக்சியா என்கிறார்கள். இது மந்த புத்தி அல்ல. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் படிப்பு வரும். ஆனால், "மொழி புதிது, போகப்போக வந்துவிடும்" என்று சொல்லியே வருஷங்களைக் கடத்துகிறார்கள். அங்கே இல்லாத குறையை ஒட்டினார்கள். இங்கே இருக்கும் குறையை மூடுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே: பிள்ளையின் மொழியில் பிள்ளையிடம் பேசாதது!

கண்டுபிடிக்க வழி இல்லையா? உண்டு. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு வீட்டு மொழியில் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையை ஒலி ஒலியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பெற்ற தாயை விசாரியுங்கள். வீட்டு மொழியில் சரளமாக இருந்து, புது மொழியில் மட்டும் திணறினால், குறை பிள்ளையிடம் இல்லை, மொழியைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டிலும் தடுமாறி, நன்றாகக் கற்பித்தும் முன்னேறாவிட்டால், தாமதிக்காமல் தனி உதவி கொடுங்கள்.

இது எங்கோ கடல் கடந்த கதை என்று இருந்துவிடலாமா? திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இந்தியும் ஒடியாவும் பேசிக்கொண்டு தமிழ் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். கற்றல் குறைபாட்டை ஊனமாக அங்கீகரித்து, உதவி பெறும் உரிமை தரும் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் உறங்கினால் யாருக்கு லாபம்?

எந்தப் பிள்ளையையாவது "மக்கு" என்று ஒதுக்கினால், பள்ளிக்கூட வாசலில் நின்று கேளுங்கள்: "எந்த மொழியில் சோதித்தீர்கள்?" அந்தப் பிள்ளை வேற்றூரான் பிள்ளை அல்ல. உங்கள் பக்கத்து மெஷினில் நிற்கும் தோழனின் பிள்ளை!