பர்ஸ் தொலைந்தால் கிடைத்துவிடும்... குப்பைத்தொட்டிதான் கிடைக்காது! டோக்கியோவில் பயணிகள் படும் பாடு

டோக்கியோவுக்குப் போகிற வெளிநாட்டுப் பயணிகளில் பலர் அசகுசா கோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் நாகமிசே கடைத்தெரு. குச்சியில் கோத்த அரிசி மாவு உருண்டை, சுடச்சுடப் பொரித்த பன் என்று வரிசையாகக் கடைகள். வாங்கிச் சாப்பிட இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பிறகுதான் சிக்கல். கையில் ஒரு குச்சி, ஒரு காகித உறை, பிசுபிசுவென்று ஒரு டிஷ்யூ. தெருவோ துடைத்துவைத்த மாதிரி பளிச்சென்று இருக்கிறது. ஆனால், குப்பைத்தொட்டி கண்ணில் படவில்லை. சப்வே ஸ்டேஷனில் இருக்கும் என்று நம்பி இறங்கினால் அங்கும் இல்லை. கடைசியில் அந்தக் குச்சி பைக்குள் ஏறி, ஹோட்டல் அறை வரை கூடவே வந்துவிடும்.

2024-ல் ஜப்பானுக்குப் போன வெளிநாட்டினர் சுமார் 3 கோடியே 68 லட்சம் பேர். இப்படி வருகிறவர்களிடம் 'இங்கே உங்களுக்கு என்ன சிரமம்?' என்று ஜப்பான் சுற்றுலா முகமை கேட்டு வருகிறது. மொழி புரியவில்லை, கூட்டம் அதிகம் என்றெல்லாம் பலரும் சொல்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் முதலிடம் பிடித்த குறை எது தெரியுமா? குப்பைத்தொட்டி இல்லாததுதான்!

வேடிக்கை என்னவென்றால், இதே ஊரில் பர்ஸைத் தொலைத்தவர்களிடம் பேசினால் கதை தலைகீழாக இருக்கும். வேண்டாததைக் கைகழுவ முடியாத டோக்கியோவில், கைவிட்டுப் போன பொருள் பெரும்பாலும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடுகிறது.

தொட்டிகள் எங்கே போயின?

1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை. அலுவலகம் போகும் கூட்டம் நிரம்பிய நேரத்தில், ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழுவைச் சேர்ந்தவர்கள் 3 சப்வே பாதைகளில் ஓடிய ரயில்களுக்குள் சரின் என்ற நச்சுத் திரவம் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளை வைத்துவிட்டு, குடை நுனியால் குத்திக் கிழித்துவிட்டு இறங்கினார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பைகள் இருந்தது ரயில் பெட்டியின் தரையில், குப்பைத்தொட்டியில் அல்ல. ஆனாலும், ஆபத்தான பொருளை ஒளித்துவைக்கத் தோதான இடம் என்று ஸ்டேஷன்களிலும் பொது இடங்களிலும் தொட்டிகளை எடுக்க ஆரம்பித்தார்கள். சில இடங்களில் உள்ளே இருப்பது தெரியும்படி மாற்றி வைத்தார்கள். போனவற்றில் பல திரும்பி வரவே இல்லை.

உள்ளூர்க்காரர்களுக்கு இது பெரிய தொல்லையாக இல்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கும் நாடு அது. நடந்துகொண்டே சாப்பிடும் பழக்கமும் குறைவு. வெளியே சேர்ந்த குப்பையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போடுவார்கள். பயணிக்கு வீடு இல்லையே, அவர் எங்கே போவார்?

வழி இருக்கிறது. தின்பண்டத்தை வாங்கிய கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு, குச்சியை அந்தக் கடையிலேயே கொடுத்துவிடலாம். நாகமிசேவில் எதிர்பார்ப்பதும் அதைத்தான். 'கொன்பினி' என்று அங்கே அழைக்கும் 24 மணி நேரக் கடைகள் பலவற்றில் தொட்டி உண்டு. ஆனால், அது அந்தக் கடையில் வாங்கிய பொருளுக்கானது. வெண்டிங் மெஷின் பக்கத்தில் வட்டத் துளையோடு நிற்கும் பெட்டி, காலி பாட்டிலுக்கும் கேனுக்கும் மட்டும். அதில் காபி கப்பைத் திணிப்பது அங்குள்ளவர்களை முகம் சுளிக்கவைக்கும் காரியம். ஆக, பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

தொலைந்த பர்ஸின் பயணம்

இப்போது பர்ஸுக்கு வருவோம். யாமனோதே என்பது டோக்கியோவின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் வட்ட ரயில். 30 ஸ்டேஷன்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் பையை மேல்தட்டில் மறந்துவிட்டு இறங்கிய பயணிக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளே பாஸ்போர்ட், பணம், கார்டு, மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டிய விமானத்துக்கான விவரம் எல்லாம் இருக்கும். அந்நிய ஊரில் பாஸ்போர்ட் இல்லாமல் நிற்பதைவிடப் பெரிய பயம் ஒரு பயணிக்கு உண்டா? அதுவும் வெளிநாட்டுப் பயணி எப்போதும் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

உடனே செய்ய வேண்டியது, இறங்கிய ஸ்டேஷன் ஊழியரிடம் சொல்வது. எந்தப் பாதை, எந்தத் திசை, எத்தனை மணி, எத்தனையாவது பெட்டி என்று கேட்பார்கள். பெட்டி எண்ணைப் பிளாட்பாரத்திலேயே எழுதியிருப்பார்கள். ரயில் ஏறும்போது அதை செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறவர் பிழைத்தார். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. டோக்கியோவில் ஜே.ஆர்., டோக்கியோ மெட்ரோ, தோயே என்று ரயில் நிறுவனங்கள் பல. ஒரே மாலையில் மூன்று ரயில் மாறியவர், மூன்று இடங்களிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தெருவில் தொலைந்திருந்தால், 'கோபான்' என்ற சிறு போலீஸ் பூத்துக்குப் போக வேண்டும். ஊரெங்கும் இருக்கிறது. அங்கே எழுதிக்கொடுத்தால் ஒரு பதிவு எண் தருவார்கள். பாஸ்போர்ட் தொலைந்து தூதரகத்துக்குப் போகும்போதும் போலீஸில் புகார் கொடுத்த விவரம் கேட்பார்கள் என்பதால் அந்த எண்ணைப் பத்திரப்படுத்துவது முக்கியம். பர்ஸ் போய், ரயிலுக்குக்கூடக் காசில்லாமல் நிற்பவருக்கு 1,000 யென் வரை கடனாகக் கொடுக்கும் ஏற்பாடும் டோக்கியோ கோபான்களில் உண்டு!

ஸ்டேஷனிலும் கோபானிலும் சேரும் பொருட்கள் சில நாட்களில் ஈதபாஷி பகுதியில் உள்ள போலீஸின் தொலைந்த பொருள் மையத்துக்குப் போய்விடும். ஆண்டுக்கு 40 லட்சம் பொருட்கள் வரை டோக்கியோ போலீஸிடம் வந்து சேருகின்றன. 2018-ல் ரொக்கமாக மட்டும் சுமார் 380 கோடி யென் ஒப்படைக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு உரியவர்களுக்கே திரும்பியது.

ஜப்பானியர்கள் நேர்மையானவர்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். பொய்யில்லை. சின்னப் பிள்ளைகள் கீழே கிடந்த 10 யென் காசை எடுத்துக்கொண்டு கோபானுக்கு ஓடுவது அங்கே சகஜம். ஆனால், நேர்மையோடு சட்டமும் கைகோத்திருக்கிறது. கண்டெடுத்தவர் 7 நாட்களுக்குள் போலீஸில் ஒப்படைத்தால், உரியவரிடமிருந்து மதிப்பில் 5 முதல் 20 சதவிகிதம் வரை சன்மானம் கேட்கலாம். 3 மாதம் வரை யாரும் வராவிட்டால் பொருள் கண்டெடுத்தவருக்கே சொந்தமாகலாம். செல்போன், அடையாள அட்டை போன்றவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. எடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டாலோ, அது குற்றம், சிறைகூட உண்டு. கொடுக்க நினைப்பவருக்கு நாலு தெரு தள்ளி ஒரு கோபான் இருக்கிறது. கொடுத்தால் அலைக்கழிக்க மாட்டார்கள். நல்ல மனசு இருந்தும் 'எதுக்கு வம்பு' என்று ஒதுங்கிப்போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தயக்கத்தைப் போக்கியதுதான் டோக்கியோவின் சாமர்த்தியம்.

எல்லாமே கிடைத்துவிடும் என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. 'கறுப்பு பர்ஸ்' என்று மட்டும் சொன்னால் அந்த மையத்தில் இருக்கும் கறுப்பு பர்ஸ்களில் உங்களுடையது எது என்று யாருக்குத் தெரியும்? கிளம்பும் முன்பே பை, பர்ஸ், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் ஆகியவற்றைப் போட்டோ எடுத்துக் குடும்பத்தில் ஒருவருக்கு அனுப்பிவைப்பது நல்லது. விமானம் ஏறியாக வேண்டிய கட்டாயம் என்றால், டோக்கியோவில் தெரிந்தவர் ஒருவருக்கு எழுத்துப்பூர்வமாக அதிகாரம் கொடுத்து, பொருளை வாங்கிவைக்கச் சொல்லலாம்.

இந்த நேர்மைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, குடை! ஆண்டுக்கு 3 லட்சம் வாக்கில் தொலைந்த குடைகள் போலீஸிடம் வருகின்றன. தேடி வருகிறவர்கள் மிகச் சொற்பம். கொன்பினியில் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் குடைக்காக யார் மெனக்கெடுவார்கள்? கடை வாசல் ஸ்டாண்டில் வைத்த குடையை வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஜப்பானியர்களே புலம்புவார்கள். எனவே, மழை நாளில் குடையை வாசலில் விட வேண்டாம். பெரிய கடைகளின் வாசலில் ஈரக் குடைக்கு மாட்ட நீளமான பிளாஸ்டிக் உறை வைத்திருப்பார்கள். மாட்டிக்கொண்டு உள்ளேயே எடுத்துப் போகலாம். திரும்பி வரும்போது அந்த உறையைக் கழற்றிப் போட வாசலிலேயே ஒரு தொட்டியும் இருக்கும்.