துரத்தாதீங்க, நம்பரை எழுதுங்க!

நாகர்கோவில்-களியக்காவிளை ரோட்டில் பஸ்சுக்கும் லாரிக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் நெளிந்து பறக்கும் வாலிபர்களைப் போலீசார் நிறுத்தத்தான் வேண்டும். "பைய போ மக்கா" என்று வீட்டில் சொன்னால் காதில் ஏறுவதில்லை. 1000 ரூபாய் அபராதம் என்றால் ஏறும்!

ஆனால், நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறதே? வளைவில் மறைந்து நின்று திடீரென ரோட்டில் பாய்ந்தால், பிரேக் பிடிப்பவன் கதி என்ன?

நிற்காதவரைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதைத் திருச்சி பார்த்துவிட்டது. 2018 மார்ச் 7-ந் தேதி துவாக்குடியில் ஹெல்மெட் சோதனைக்கு நிற்காமல் போன தம்பதியை இன்ஸ்பெக்டர் ஒருவர் விரட்டிச் சென்று வண்டியை உதைத்ததாக வழக்கு. பின்னால் இருந்த பெண் கீழே விழுந்து பரிதாபமாக இறந்தார். இன்ஸ்பெக்டர் கைதானார். ஹெல்மெட் போடாததற்கு அப்போது அபராதம் வெறும் 100 ரூபாய்!

வேகம் என்றால் சட்டமே வழி சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவுப்படி, ஒரே ஒரு சாட்சி "ஸ்பீடா போனான்" என்றால் மட்டும் தண்டிக்க முடியாது. கருவி வைத்து அளந்திருக்க வேண்டும். அளக்கட்டும். நம்பரைக் குறிக்கட்டும். நோட்டீஸ் வீட்டுக்குப் போகட்டும். அப்பா கையில் அது கிடைத்தால், அன்றைக்கே வண்டிச் சாவி பீரோவுக்குள் போய்விடும்!