செய்யாத தப்புக்கு அபராதம் கட்டலாமா?

கார் வைத்திருப்பவருக்கு, "தலைக்கவசம் போடாமல் வண்டி ஓட்டினீர்கள்" என்று அபராதம் வருகிறது.

ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு, "சீட் பெல்ட் கட்டவில்லை" என்று அபராதம் வருகிறது!

பத்திரிகையில் இப்படிச் செய்தி வந்தால் படித்துவிட்டுச் சிரிக்கிறோம். நமக்கே வந்தால் சிரிப்பு வருமா? வராது. வயிறுதான் எரியும்.

"சனியன் ஒழியட்டும்" என்று பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறவர்கள் பலர். கட்டக் கூடாது என்பது என் கட்சி.

முன்பெல்லாம் போலீஸ்காரர் நடுரோட்டில் நின்று கையை நீட்டுவார். வண்டியை ஓரம் கட்டுவோம். அவர் புத்தகத்தை எடுத்து எழுதுவார். நம்பரைத் தப்பாக எழுதினால், "ஐயா, என் வண்டி நம்பர் அது இல்லை" என்று அங்கேயே சொல்லலாம். அவரும் திருத்திவிடுவார்.

இப்போது கம்பத்தின் உச்சியில் காமிரா இருக்கிறது. அது படம் பிடிக்கிறது. கம்ப்யூட்டர் நம்பரைப் படிக்கிறது. செல்போனுக்குச் சலான் வருகிறது. காமிராவிடம் போய் யார் வாதாடுவது?

தப்பு எப்படி வருகிறது?

எந்திரம் பொய் சொல்லாது என்று ஒரு பேச்சு உண்டு. எந்திரம் பொய் சொல்லாது. ஆனால் தப்பாகப் படிக்கும். ஆங்கில எழுத்து "பி"யும் எண் 8-ம் தூரத்தில் ஒன்று போலத் தெரியும். "டி"யும் சைபரும் அப்படியே. 1-ம் 7-ம் அண்ணன் தம்பி! நம்பர் பலகையில் கொஞ்சம் சேறு ஒட்டினால் போதும், 3778 என்பது 3178 ஆகிவிடும். பாவம், 3178-க்குச் சொந்தக்காரர் மதுரையில் இருப்பார். குற்றம் நடந்த இடம் சென்னை என்று இருக்கும்.

போலீசார் கைக் கருவியில் நம்பரைத் தட்டும்போதும் ஓர் எண் மாறிப் போகலாம். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள். அதை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை.

நம் பக்கமும் தப்பு இருக்கிறது. நம்பர் பலகையில் பிள்ளை பெயரை எழுதுகிறோம். தலைவர் படத்தை ஒட்டுகிறோம். எண்களை வளைத்து நெளித்துக் கோலம் போடுகிறோம். பிறகு காமிரா தப்பாகப் படித்துவிட்டது என்று புலம்பினால் யார் கேட்பார்கள்? எண்கள் ஒரே அளவாக, தெளிவாக இருக்கவேண்டும் என்றுதான், 2019 ஏப்ரல் 1-ந் தேதி முதல் தயாரான வண்டிகளுக்கு அரசு புதுவகைப் பலகையைக் கட்டாயம் ஆக்கியது.

இன்னொரு வகை இருக்கிறது. அது பயங்கரமானது. உங்கள் வண்டியின் நம்பரையே வேறு ஓர் ஆசாமி தன் வண்டியில் எழுதிக்கொண்டு திரிவான். சலான் உங்களுக்கு வரும். படத்தைப் பார்த்தால் நம்பர் உங்களுடையது, வண்டி வேறு! இதற்கு மட்டும் ஒரு நாள்கூடத் தாமதம் செய்யக் கூடாது. உடனே பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கவேண்டும். இன்று சிக்னலில் நிற்காமல் போனவன், நாளை யாரையாவது இடித்துத் தள்ளிவிட்டு ஓடினால், போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

சின்னத் தொகைதானே!

"கோர்ட்டு, போலீஸ் என்று அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் செலவு வேறு. 500 ரூபாய்தானே, கட்டிவிட்டால் நிம்மதி."

கூலி வேலை செய்கிறவர் இப்படி நினைப்பது நியாயம்தான். மேலாகப் பார்த்தால் கட்டுவதே லாபம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப் போகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. 2019-ல் அதைத் திருத்தினார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே அபராதத்தைக் கட்டி வழக்கை முடித்துக் கொண்டாலும், அந்தக் குற்றத்தை நீங்கள் ஒரு தடவை செய்ததாகவே கணக்கில் எடுக்கப்படும் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அடுத்த தடவை பிடிபட்டால் அது இரண்டாவது குற்றம்! அந்தத் திருத்தத்தில், பொதுவான விதி மீறலுக்கு முதல் தடவை 500 ரூபாய் வரை. மறு தடவை 1,500 ரூபாய் வரை.

செய்யாத தப்பை நீங்களே உங்கள் பெயரில் எழுதிக்கொள்வது போலத்தானே இது?

தொகையும் இப்போது சின்னது அல்ல. தலைக்கவசம் இல்லாவிட்டால் முன்பு 100 ரூபாய். 2022 அக்டோபரில் தமிழகத்தில் அது 1,000 ரூபாய் ஆனது. சட்டத்தில் 3 மாதம் லைசென்சு பறிப்பும் எழுதியிருக்கிறது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் பையனுக்கு லைசென்சுதானே சோறு!

முதலில் படத்தைப் பாருங்கள்

சலான் வந்ததும் கோபப்படாதீர்கள். முதலில் அது நிஜமான சலானா என்று பாருங்கள். "அபராதம் கட்டாவிட்டால் கைது" என்று பயமுறுத்தி, கூடவே ஒரு கோப்பையும் அனுப்பும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். அதைத் தொட்டால் வங்கிப் பணம் போய்விடும். செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், அரசின் "பரிவாஹன்" தளத்துக்கு நீங்களாகப் போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கேளுங்கள்.

காமிரா சலானில் என்னென்ன இருக்கவேண்டும் என்று 2021 ஆகஸ்டு மாதம் மத்திய அரசு விதி செய்தது. குற்றத்தைக் காட்டும் படம் வேண்டும். வண்டி நம்பர் தெரியவேண்டும். தேதி, நேரம், இடம், சட்டப் பிரிவு எல்லாம் வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீசு அனுப்ப வேண்டும். காமிராவுக்கும் ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்றது அந்த விதி.

ஆகவே படத்தை நிதானமாகப் பாருங்கள். வண்டியின் நிறம் என்ன? கம்பெனி என்ன? நம்பரில் எல்லா எண்ணும் சரியா? அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டிருந்தால் அந்தப் பில், வேலை பார்க்கும் இடத்தின் வருகைப் பதிவு, இவை எல்லாம் சாட்சி பேசும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு விளக்கைத் தாண்டியது நீங்கள்தான், படத்திலும் நீங்களே சிரித்துக்கொண்டு இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து பிழை! இதை வைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்காதீர்கள். கோர்ட்டில் அது நிற்காது, நிற்கவும் கூடாது. வண்டி மாறிவிட்டதா, ஆள் மாறிவிட்டதா, நடக்காததை நடந்ததாக எழுதியிருக்கிறதா? இவைதான் பிழை. வண்டியை விற்றுவிட்டு, பெயர் மாற்றாமல் விட்டவர்களும் சலானைக் குறை சொல்ல முடியாது. விற்றவர் 14 நாளில், வாங்கியவர் 30 நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

யார் அலைய வேண்டும்?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. காருக்குத் தலைக்கவச அபராதம் போடுகிறதே கம்ப்யூட்டர், அந்த வண்டி கார் என்று அதற்குத் தெரியாதா? தெரியும்! பதிவுப் புத்தகத்து விவரம் எல்லாம் அரசின் கணக்கில் இருக்கிறது. முகவரியை அதிலிருந்து எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, வண்டி என்ன வகை என்று பார்க்கத் தெரியவில்லையா? அப்படிப்பட்ட சலான் வீட்டுக்கு வரவே கூடாது. அனுப்புகிற இடத்திலேயே தடுத்திருக்க வேண்டும்.

சலான் போட ஒரு நிமிஷம். அதை ரத்து செய்ய ஒரு மாதம். இது என்ன நியாயம்? எந்திரத்தை வைத்து வேலையை மிச்சப்படுத்தியவர்கள் அவர்கள். எந்திரத்தின் பிழைக்காக அலைகிறவர்கள் நாமா? ஒவ்வொரு போக்குவரத்துப் போலீஸ் நிலையத்திலும் வாரத்தில் ஒரு நாள், படத்தைப் பார்த்து அங்கேயே ரத்து செய்ய ஓர் அதிகாரி உட்கார்ந்தால் பாதித் தொல்லை தீரும்.

அதுவரை நாம்தான் எழுதவேண்டும். "பரிவாஹன்" தளத்தில் புகார் செய்ய இடம் இருக்கிறது. சலான் போட்ட அலுவலகத்துக்கும் எழுதலாம். வழக்கு கம்ப்யூட்டர் கோர்ட்டுக்குப் போய்விட்டால், அங்கே "பணம் கட்டுகிறேன்", "வழக்காடுகிறேன்" என்று இரண்டு வழி காட்டுவார்கள். வழக்காடுவதாகச் சொன்னால் சாதாரண கோர்ட்டுக்கு வரும். அங்கே மாஜிஸ்திரேட்டு படத்தைப் பார்ப்பார். கெடு எத்தனை நாள் என்று சலானில் பார்த்துக் கொள்ளுங்கள். பேசாமல் இருந்துவிடுவது மட்டும் கூடாது. நிலுவையில் இருக்கும் சலான், வண்டியை விற்கப் போகும்போது குறுக்கே வந்து நிற்கும்.

கடிதம் எழுத வக்கீல் தேவை இல்லை. இவ்வளவு போதும்:

"ஐயா, ....... தேதியிட்ட ....... எண் சலான் எனக்கு வந்தது. அதில் உள்ள படத்தில் இருப்பது சிவப்பு நிற மோட்டார் சைக்கிள். என் வண்டி கறுப்பு நிற ஸ்கூட்டர். நம்பரின் மூன்றாவது எண் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. என் பதிவுப் புத்தகத்தின் நகலும், வண்டியின் படமும் இத்துடன் இருக்கின்றன. சலானை ரத்து செய்து, அதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக் கொள்கிறேன்."

கீழே பெயர், முகவரி, கையெழுத்து. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை போட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அந்த ரசீதை நகலோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வையுங்கள்.