கேஜ் இருக்கிறது, அளவு எங்கே?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் தொடர்பான பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்குகளில் கிடைக்க வேண்டும் என்பது அந்த மனுவின் கோரிக்கை. அந்த வழி அடைபட்டுவிட்டதால், 2012இல் வாங்கிய காரானாலும் 2024இல் வாங்கிய காரானாலும் நம் பட்டறைக்குள் இனி ஒரே பெட்ரோலோடுதான் வரும்.

எத்தனாலை இந்த இதழ் எதிர்க்கவில்லை. கரும்பு விவசாயிக்கு வருமானம் கிடைக்கிறது, கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது என்ற வாதங்களில் நியாயம் உண்டு. நம் கவலை வேறு. பிரஷர் குறைவு என்று வரும் வண்டியில் எது பெட்ரோலின் குணம், எது பழுது என்று பிரித்தறியும் வேலை முன்பைவிடக் கடினமாகிவிட்டது. கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு மட்டும் முழுவதும் நம் தலையில் இருக்கிறது.

ஸ்கேனரில் லாங் டேர்ம் டிரிம் கூட்டல் 8 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலப்பில்லாத பெட்ரோலுக்கு 14.7 என்ற காற்று விகிதம் இ10க்கு 14.1 அளவிலும் இ20க்கு 13.5 அளவிலும் இறங்குகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு டியூன் செய்த பழைய வண்டியில் 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் போவது இயல்புதான். அதே சமயம், 3 பாரில் நிற்க வேண்டிய ரெயில் பிரஷர் 2.55க்கு இறங்கினாலும் இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோல் ஏறத்தாழ 8 சதவீதம்தான் குறையும். இரண்டுக்கும் டிரிம் ஒன்றேதான். ஐடிலிலும் லோடிலும் ஒரே மாதிரிதான் நிற்கும். பம்ப் தளர்ந்தோ ஃபில்டர் அடைத்தோ அளவு போதாமல் போனால் லோடு ஏற ஏற டிரிம் ஏறும், வாக்யூம் லீக் என்றால் ஐடிலில் அதிகமாகத் தெரியும். அந்த இரண்டையும் ஸ்கேனரில் பிரித்துவிடலாம். தளர்ந்த ரெகுலேட்டரையும் இ20யையும் ஸ்கேனரை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ரெயிலில் கேஜ் மாட்டித்தான் ஆக வேண்டும். டிரிமை மட்டும் பார்த்துப் பம்ப் மாற்றச் சொல்லும் பழக்கத்தை நம் தோழர்கள் இன்றே விட வேண்டும்.

நிறுத்திய பிறகு பிரஷர் இறங்கும் வண்டிக்கும் இதே கதிதான். அரை மணி நேரம் வெயிலில் நின்ற வண்டி நீண்ட நேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது. சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து பம்பை ஓடவிட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. இது ரெயிலில் பிரஷர் தங்கவில்லை என்பதற்கான அடையாளம். கேஜோடு ஷட் ஆஃப் வால்வு வைத்து டேங்க் பக்கத்தை அடைத்துப் பாருங்கள். பிரஷர் நின்றுவிட்டால் பம்பின் செக் வால்வு, டேங்குக்குள் இருக்கும் ரெகுலேட்டர், மாட்யூலின் உள் ஹோஸ், ஓரிங் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. அடைத்த பிறகும் இறங்கினால் இன்ஜெக்டரைப் பாருங்கள், பிளக்கை நனைத்திருக்கும். நைலான் பைப்பைக் கிளாம்ப் போட்டு நசுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது விரிசல் விட்டால் தீ விபத்தில்தான் முடியும்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேஜில் 3.1 என்று வந்தால் அது சரியா தப்பா? ஐந்து நிமிடத்தில் 2.2க்கு இறங்கினால் மாட்யூலை மாற்றுவதா, விட்டுவிடுவதா? ஒரு வண்டிக்கு 3 பார், இன்னொன்றுக்கு 3.5, வேறொன்றுக்கு 4. நிறுத்திய பிறகு எத்தனை நிமிடம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறுகிறது. அந்த எண்கள் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கின்றன. மேனுவல் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் இருக்கிறது. உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ பட்டறை வைத்திருப்பவர் அதைச் சட்டப்படி பெறுவது எப்படி?

இந்தக் கேள்வியை இந்த இதழ் எழுப்புவது முதல் முறையல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவிட்டு, சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அந்த உத்தரவின் சாரம். நிறுவனங்கள் மேல்முறையீடு என்றும் உயர் நீதிமன்றம் என்றும் போயின. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, வலைத்தளமும் தொடங்கியது. பட்டியலில் வாகனத் துறையும் உண்டு. ஆனால் எந்த எண்ணை வெளியிட வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் வரவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்துவிட்டோம். அதற்குள் பெட்ரோலே மாறிவிட்டது.

பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களும் கேஸ்கெட்டுகளும் மாற்ற வேண்டிவரலாம், செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே முடித்துவிடலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. எந்த ரப்பர் என்று சொல்லவில்லையே! பம்ப் மாட்யூலுக்குள் இருக்கும் ஓரிங்கைப் பல வண்டிகளுக்குத் தனியாக விற்பதில்லை. செக் வால்வு பம்போடு ஒட்டியது. சில ரூபாய் பெறுமான ரப்பருக்காக வாடிக்கையாளர் முழு மாட்யூலை வாங்க வேண்டியிருக்கிறது. அவர் அமைச்சகத்திடம் போய்ச் சண்டை போடுவதில்லை, நம் பட்டறை வாசலில் நின்றுதான் கேட்கிறார்: "ஏம்ப்பா, போன மாசம்தானே சர்வீஸ் விட்டேன்?" தவறு செய்யாதவன் அவருக்குத் தலை குனிந்து பதில் சொல்ல வேண்டியிருப்பது அநியாயம். பெட்ரோலை மாற்றத் தெரிந்த அரசுக்கு, அதோடு சேர்த்து நான்கு எண்களை வெளியிட வைக்கத் தெரியாதா?

அரசிடம் நாம் கேட்பது இதுதான். இ20 ஓடும் ஒவ்வொரு மாடலுக்கும் ரெயில் பிரஷர், நிறுத்திய பின் நிற்க வேண்டிய அளவு, பம்பின் ஓட்ட அளவு, எத்தனால் தாங்கும் ஓரிங்கின் பார்ட் நம்பர் ஆகிய நான்கையும் நிறுவனங்கள் பொதுவில் வெளியிட வேண்டும். பணம் கேட்கவில்லை, சலுகையும் கேட்கவில்லை.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரஷர் புகாரோடு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் மாடல், ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், இன்ஜின் ஓடும்போது வந்த அளவு, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து வந்த அளவு, மாற்றிய பாகம் ஆகியவற்றை பில்லிலேயே எழுதுங்கள். ஒரு நகலை நமக்கு அனுப்புங்கள். நல்ல நிலையில் இருக்கும் வண்டிகளின் அளவுகளையும் சேர்த்து அனுப்பினால் மாடல்வாரியாகத் தொகுத்து இந்த இதழிலேயே வெளியிடுவோம்.